மேலிருந்து போடும் குப்பை

பர்கூர் ஒன்றியத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் பள்ளிக்கு இருப்பது ஒரே ஒரு மாடி. சுற்றியுள்ள ஊர்களிலும் மூன்று மாடிக்கு மேல் உயர்ந்த வீடுகளைக் காண்பது அரிது. அப்படியிருக்க, பத்து மாடிக் கட்டடத்தின் குப்பைக் குழாயைப் பற்றி நான் ஏன் எழுதுகிறேன் என்று நண்பர்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா.

அந்த மாணவி மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் அம்மாவுடன் வந்தாள். அம்மாவின் வலது கையில் பெரிய கட்டு. அவர் ஓசூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலை செய்கிறார். வாரம் முழுவதும் அங்கேயே தங்கிவிடுவார். மகள் இங்கே பாட்டியுடன் இருக்கிறாள்.

“குழாய் அடைச்சிக்கிச்சிங்க சார். கீழ நின்னு கம்பியால குத்தி எடுத்துக்கிட்டு இருந்தேன். அந்த நேரம் பார்த்து மேல யாரோ பாட்டிலைப் போட்டுட்டாங்க. ஏழு தையல்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “அவங்களைச் சொல்லிக் குத்தமில்லைங்க. கீழ ஆள் இருக்கறது அவங்களுக்குத் தெரியாது” என்றார்.

அன்று மதியம் வகுப்பில் அந்த மாணவி எழுந்து கேட்டாள்: “சார், மேல இருந்து போட்டவங்களும் ஸ்கூல்ல படிச்சவங்கதானே?”

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடியபோதுதான் இந்தப் பொருள் நம் பாடங்களுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது எனக்குப் புரிந்தது.

குப்பைக் குழாய் எப்படி வேலை செய்கிறது?

அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சி முதல் தரைத்தளம் வரை செங்குத்தாக இறங்கும் அகன்ற குழாய் இது. குடியிருப்போர் இதை ‘கார்பேஜ் ஷூட்’ என்கிறார்கள். ஒவ்வொரு தளத்திலும் கதவு வைத்த ஒரு வாய் உண்டு. கதவைத் திறந்து பையைப் போட்டால், அது தரைத்தள அறையில் இருக்கும் பெரிய தொட்டியில் போய் விழும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. புவியீர்ப்பு விசைதான் வேலை முழுவதையும் செய்கிறது. வசதியும் அதனால்தான், ஆபத்தும் அதனால்தான்.

ஒன்பதாம் வகுப்பில் நாம் நடத்தும் இயக்கச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதினேன். காற்றின் தடையையும் குழாய்ச் சுவரின் உராய்வையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டோம். 3 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடியிலிருந்து, விழும் பொருள் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். 15 மீட்டர் உயரமானால் 62 கிலோமீட்டர். பத்து மாடி, அதாவது 30 மீட்டர் என்றால் 87 கிலோமீட்டர். இதற்கு ஆகும் நேரம் இரண்டரை வினாடி மட்டுமே. “நம்ம பைபாஸ்ல போற பஸ் வேகம் சார்” என்றான் ஒரு மாணவன். உராய்வினால் உண்மையான வேகம் சற்றுக் குறையும். ஆனாலும் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது.

இன்னொரு கணக்கும் போட்டோம். அரைக் கிலோ எடையுள்ள பாட்டில் 30 மீட்டர் இறங்கி வந்து மோதும் ஆற்றல், 15 கிலோ கல் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மோதும் ஆற்றலுக்குச் சமம். நிலையாற்றல் பாடத்தை மாணவர்கள் இவ்வளவு அமைதியாகக் கவனித்து நான் பார்த்ததில்லை.

நெருப்புக்கு அது புகைபோக்கி

செங்கல் சூளையின் புகைபோக்கி உயரமாக இருப்பது ஏன் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். சூடான காற்று லேசானது. அது மேலே ஏறும்போது கீழிருந்து புதுக்காற்று உள்ளே இழுக்கப்படும். குப்பைக் குழாயின் அமைப்பும் இதேதான். அணையாத பீடித்துண்டு, கனன்றுகொண்டிருக்கும் ஊதுவத்தி, வெடிக்காத பட்டாசு, பழைய கைப்பேசியின் லித்தியம் மின்கலம் ஆகியவற்றில் ஒன்று போதும். கீழே தொட்டியில் பிடிக்கும் தீயின் புகை குழாய் வழியே எல்லாத் தளங்களுக்கும் ஏறிவிடும்.

இதனால்தான் நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு குப்பைக் குழாய்க்குத் தனி நிபந்தனைகள் வைத்திருக்கிறது. குழாயின் மேல்முனை மொட்டைமாடிக்கு மேல் குறைந்தது 1 மீட்டர் உயர்ந்து திறந்திருக்க வேண்டும். சுற்றுச்சுவர் எரியாத பொருளால் ஆனதாகவும், 2 மணி நேரம் தீயைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். படிக்கட்டுக் கூண்டுக்குள் குழாயை அமைக்கக் கூடாது. வாய்க்கதவுகள் இறுக மூட வேண்டும். ஒரு தளத்தில் கதவைப் பாதி திறந்து விட்டுவிட்டுப் போனால்கூட இந்த ஏற்பாடு பயனற்றதாகிவிடும்.

வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. கழிவறை கழுவும் அமிலமும் சலவைத்தூளும் தொட்டியில் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். காற்றோட்டமில்லாத அந்தச் சிறிய அறையில் நிற்பவரின் நுரையீரலை அது பாதிக்கும்.

தரம் பிரித்தலும் குழாயும்

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே குப்பையை மட்கும் கழிவு, மட்காத கழிவு, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. ஒரே குழாயில் மூன்றையும் போட்டால், வீட்டில் பிரித்தது கீழே மறுபடி கலந்துவிடும்.

நம் அண்டை நகரமான பெங்களூரு இதை அனுபவத்தில் கற்றது. நகரக் குப்பை கொட்டப்பட்ட மாவள்ளிபுரா, மண்டூர் கிராமங்களின் மக்கள் போராடினார்கள். பின்னர் 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் ‘இரண்டு தொட்டி, ஒரு பை’ முறையைக் கட்டாயமாக்கியது. மட்கும் கழிவுக்குப் பச்சைத் தொட்டி, ஒதுக்க வேண்டிய சுகாதாரக் கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, உலர்கழிவுக்கு ஒரு பை. இதனால் குழாயை மூடிவிட்டு, வாசலில் தனித்தனியாக வாங்கத் தொடங்கிய குடியிருப்புகள் அங்கே உண்டு.

சிங்கப்பூரில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். தமிழர்களும் அவர்களில் அடக்கம். அங்கே குப்பைக் குழாய் அன்றாட வாழ்வின் பகுதி. பழைய வீடுகளில் சமையலறையிலேயே குழாயின் வாய் இருக்கும். பின்னால் கட்டியவற்றில் தளத்துக்கு ஒரு பொது வாய் வந்தது. 2014 முதல் புதிய அரசுக் குடியிருப்புத் திட்டங்களில் மறுசுழற்சிப் பொருள்களுக்கென இரண்டாவது குழாயும் அமைக்கப்படுகிறது.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியவை

1. கசியாதபடி பையை இறுகக் கட்டிப் போட வேண்டும். குழாயின் வாயைவிடச் சிறிய பையாக இருக்க வேண்டும். அழுத்தித் திணிக்கக் கூடாது.

2. கண்ணாடி, பிளேடு, ஊசி, மின்கலம், பெயின்ட், அமிலம், பட்டாசு, சூடான சாம்பல் ஆகியவற்றைக் குழாயில் போடவே கூடாது. இவற்றைத் தனியாகக் கட்டி, அடையாளமிட்டு, கையில் ஒப்படைக்க வேண்டும்.

3. துடைப்பம், அட்டைப்பெட்டி, பழைய துணி மூட்டை போன்றவை குழாயை அடைத்துவிடும். இவற்றைக் கீழே எடுத்துச் சென்றே வைக்க வேண்டும்.

4. வாய்க்குள் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது. சிறு குழந்தைகளைக் குப்பை போட அனுப்பக் கூடாது.

5. குழாய் அடைத்திருந்தால் மேலும் போடாமல் பராமரிப்பாளரிடம் சொல்ல வேண்டும். அடைப்பு எடுக்கும் நேரத்தில் எல்லாத் தளங்களின் வாயையும் பூட்டி, அறிவிப்பு மாட்ட வேண்டும். அதன் பிறகே பணியாளர் கீழே நிற்க வேண்டும்.

6. குழாயில் புகை கண்டால் கதவை மூடிவிட்டு, மற்றவர்களை எச்சரித்து, மின்தூக்கியைத் தவிர்த்துப் படிக்கட்டில் இறங்க வேண்டும். 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும்.

வகுப்பறையில் செய்தது

மாடிப் படிக்கட்டின் கைப்பிடியில் 3 மீட்டர் பி.வி.சி. குழாய் ஒன்றைச் செங்குத்தாகக் கட்டினோம். கீழே ஒரு தட்டில் களிமண் பரப்பி, யாரையும் அருகில் விடாமல் கயிறு கட்டினோம். மேலிருந்து ஒரே அளவு கோலிக்குண்டை அரை மீட்டர், 1 மீட்டர், 3 மீட்டர் உயரங்களிலிருந்து விட்டு, களிமண்ணில் விழுந்த பள்ளத்தின் ஆழத்தை அளந்தார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதே செயல்பாட்டை மேசை உயரத்தில் செய்யலாம். கணக்கு வேண்டாம், பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தாலே போதும்.

பள்ளத்தைத் தொட்டுப் பார்த்த ஒரு மாணவன் மெதுவாகச் சொன்னான்: “நாங்ககூட மாடி ஜன்னல்ல இருந்து தண்ணி பாட்டில் தூக்கிப் போடுவோம் சார்.” நான் கண்டித்து நிறுத்த முடியாத பழக்கம் அது. அன்றே ஒவ்வொரு மாடி வகுப்பறையிலும் இரண்டு கூடைகள் வைக்க மாணவர்களே முடிவு செய்தார்கள்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் வீடுகளிலிருந்து எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் சேர்ந்து நான்கு மொழியிலும் ஓர் அட்டை எழுதினார்கள். எல்லா மொழியிலும் ஒரே வரிதான்: “கீழே ஆள் இருக்கிறார்.”

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியபோது அந்த அம்மா பத்து அட்டைகளை எடுத்துச் சென்றார், தளத்துக்கு ஒன்றாக. நம் மாணவர்களில் சிலர் நாளை அந்த மாடிகளில் குடியிருப்பார்கள். சிலர் கீழே வேலை செய்வார்கள். இரு தரப்பினரும் இன்று நம் வகுப்பறையில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.