நெரிசல் பெட்டியில் யார் போனின் கதிர்?

ரயில் பெட்டியில் நூறு பேர் நிற்கிறோம், நூறு கையிலும் போன், சுற்றிலும் உலோகச் சுவர். இத்தனை கதிர்வீச்சும் வெளியேற வழியில்லாமல் நம் மேலேயே விழாதா? இப்படிக் கேட்பவரைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது. ஜப்பானில் தோஹோகு பல்கலைக்கழக இயற்பியலாளர் ட்சுயோஷி ஹொண்டோ 2002-ல் ஆய்விதழிலேயே இதை எழுப்பினார். உலோகத்தில் பட்ட அலை திரும்பும், பல போன்களின் அலைகள் சேரும், சர்வதேச வரம்பையே தாண்டக்கூடும் என்றது அவர் கணக்கு.

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

அலை திரும்புவது உண்மைதான். ஆனால் காலிக் கல்யாண மண்டபத்தில் கணீரென்று எதிரொலிக்கும் குரல், ஆட்கள் நிரம்பியதும் அமுங்கிவிடுகிறதல்லவா? பெட்டிக்குள்ளும் அதுதான். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர். இந்த அலைகளைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும். “உறிஞ்சுவது நாம்தானே, அது மட்டும் நல்லதா?” என்பீர்கள். சரியான கேள்வி. போன்கள் கூடும்போது பங்கு போடும் உடல்களும் கூடுகின்றன, அவ்வளவுதான். தவிர, ஜன்னல் வழியாக அலை வெளியேறுகிறது. வெளியேறாவிட்டால் உள்ளே யாருக்கும் சிக்னலே கிடைக்காது!

இனி எண்கள். 4ஜி போன் அதிகபட்சமாக வெளியிடுவது சுமார் 0.2 வாட். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு இது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.016 வாட். 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 10 வாட்; அதில் அறுநூறில் ஒரு பங்குகூட வரவில்லை. நூறு போனும் அதே ஒரு மீட்டரில், முழுச் சக்தியில் இயங்கினாலும் (நடக்காத காரியம்) எதிரொலிப்பு நீங்கலாக 1.6 வாட்தான்.

உங்கள் காதோடு ஒட்டியிருக்கும் போனின் கதை வேறு. அதை உடல் உறிஞ்சும் அளவால், அதாவது சார் (SAR) மதிப்பால் அளக்கிறார்கள். இந்தியாவில் 2012 முதல் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். *#07# என்று அழுத்தினால் உங்கள் போனின் மதிப்பு தெரியும். 2011-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளவை’ என்று வகைப்படுத்தியபோதும், பெரிதாக ஆராயப்பட்டது காதில் வைத்துப் பேசுவோரின் பழக்கமே. பக்கத்து சீட்டுக்காரர் அல்ல.

பயணத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டவர் தெளிவாகக் கிடைத்தால் போன் தன் சக்தியைப் பல மடங்கு குறைத்துக்கொள்ளும். உலோகப் பெட்டியும் சுரங்கமும் வந்தால் ஏற்றிக்கொள்ளும். வெயிலைத் தடுக்க ஜன்னல் கண்ணாடியில் பூசும் மெல்லிய உலோகமும் சிக்னலை மறைக்கும். சுவிட்சர்லாந்தில் அந்தப் பூச்சில் லேசரால் நுண்கோடுகள் கீறி அலைக்கு வழிவிடும் கண்ணாடியை உருவாக்கியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. அது நம் பெட்டிக்கு வரும்வரை, ஒற்றைக் கோடு சிக்னலில் நீண்ட பேச்சென்றால் இயர்போன் மாட்டிக்கொள்ளலாம்.

உண்மையிலேயே யோசிக்க வேண்டியவர்கள் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள். ஜப்பானில் போனுக்கும் கருவிக்கும் 22 செ.மீ. இடைவெளி வேண்டும் என்றிருந்த வழிகாட்டல், பழைய இரண்டாம் தலைமுறைச் சேவை நின்றபின் 2013-ல் 15 செ.மீ. ஆனது. முன்னுரிமை இருக்கைகளுக்கு அருகே போனை அணைக்கச் சொன்ன அங்குள்ள ரயில் நிறுவனமான ஜே.ஆர். ஈஸ்ட், 2015-ல் நெரிசல் வேளையில் அணைத்தால் போதும் என்று மாற்றியது. அடுத்தவர் போன் அந்தப் பதினைந்து செ.மீ.க்குள் வருவது கூட்டத்தில் மட்டும்தான். தன் போனைச் சட்டைப்பையில் வைத்திருப்பவருக்கோ அது எப்போதும் அதற்குள்தான்.