கெர்னல் நின்றுவிட்டால் யாரைக் கேட்பது?

ஒரு செயலி முடங்கினால் இயங்குதளம் அதை மூடிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். இயங்குதளத்தின் மையமான கெர்னலே தடுமாறினால் அதற்கு மேல் கேட்பாரில்லை. அதே நிலையில் ஓடினால் வட்டில் உள்ள கோப்புகளும் சிதையலாம் என்பதால், அது எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இதைப் ‘பேனிக்’ என்பார்கள்.

தியோ டி ராட் 1995-இல் தொடங்கிய ஓப்பன்பிஎஸ்டி, இந்த நேரத்துக்கென்றே கெர்னலுக்குள் ‘டிடிபி’ என்ற, வழுவைத் தேட உதவும் டிபக்கரை வைத்திருக்கிறது. பேனிக் வந்ததும் திரையில் அதன் கட்டளைவரி காத்திருக்கும். ‘ட்ரேஸ்’ என்று தட்டினால், எந்த ஃபங்ஷன் எதை அழைத்து எங்கே போய் விழுந்தது என்ற வரிசை கிடைக்கும். ‘பிஎஸ்’ என்றால் அப்போது ஓடிய பிராசஸ்களின் பட்டியல் வரும். வழுவைப் பற்றிப் புகார் அனுப்புவோரிடம் கெர்னல் எழுதுபவர்கள் முதலில் கேட்பது இவ்விரண்டையும்தான்.

இந்த டிபக்கரை எப்போது எழுப்பலாம் என்பதை இரண்டு அமைப்புகள் தீர்மானிக்கின்றன. முதலாவது ‘டிடிபி.பேனிக்’. இயல்பாக இதன் மதிப்பு 1. பேனிக் வந்தால் கணினி டிபக்கரில் நிற்கும். 0 ஆக்கினால் நினைவகத்தின் நகலை வட்டிலுள்ள ஸ்வாப் பகுதியில் எழுதிவிட்டுத் தானே மறுபடி பூட் ஆகும். பிறகு ‘சேவ்கோர்’ என்ற நிரல் அந்த நகலை எடுத்துக் கோப்பாகச் சேமித்துவைக்கும். ஆற அமர ஆராயலாம்.

இரண்டாவது ‘டிடிபி.கன்சோல்’. பேனிக் எதுவும் வராமலே கணினி உறைந்துபோனால், கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டிபக்கருக்குள் நுழைய இது வழிவிடும். இயல்பாக இதன் மதிப்பு 0. காரணம் எளியது: டிடிபி கடவுச்சொல் கேட்பதில்லை. விசைப்பலகை முன் உட்கார்ந்தவர் யாராயினும் கெர்னலின் நினைவகத்தைப் படிக்கலாம், மாற்றலாம். வீட்டுச் சாவியை வாசல் நிலையில் வைத்துவிட்டுப் போவது போலத்தான்.

அதனால் இன்னொரு காவலும் உண்டு. கணினி முழுமையாக இயங்கத் தொடங்கியதும் ‘செக்யூர்லெவல்’ என்ற பாதுகாப்பு நிலை 1-க்கு உயர்கிறது. அதன்பின் இந்த இரண்டு மதிப்புகளையும் குறைக்கலாமே தவிர, ரூட் பயனராலும் கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமானால் ‘சிஸ்சிடிஎல்.கான்ஃப்’ கோப்பில் ‘டிடிபி.கன்சோல்=1’ என்று ஒரு வரி எழுதி மறுபடி பூட் செய்ய வேண்டும். செக்யூர்லெவல் உயர்வதற்கு முன்பே அந்தக் கோப்பு படிக்கப்பட்டுவிடும்.

மேசையில் வைத்துச் சோதிக்கும் கணினியில் இரண்டும் 1 ஆக இருக்கட்டும். ஆளில்லாத் தரவு மையத்தில் உள்ள சர்வருக்கு இரண்டும் 0 போதும். இல்லையேல் யாராவது வந்து விசையைத் தட்டும்வரை அது டிபக்கரிலேயே நிற்கும். பேனிக் வந்து கணினி டிபக்கரில் நின்றால் அவசரப்பட்டு பவர் பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் ‘ட்ரேஸ்’ தட்டி, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.