எண்ணெயில் குளிக்காத சிக்கன் கீவ்

கத்தி பட்டதும் உருகிய வெண்ணெய் பீறிட்டு வர வேண்டும். மேலே பூசிய ரொட்டித்தூள் நொறுங்க வேண்டும். சிக்கன் கீவ் கேட்பவர்கள் எதிர்பார்ப்பது இந்த இரண்டையும்தான். கோழி நெஞ்சுக்கறியைத் தட்டி மெல்லியதாக்கி, உறைந்த வெண்ணெய்க் கட்டியை நடுவில் வைத்துச் சுருட்டி, மாவு, முட்டை, ரொட்டித்தூள் என வரிசையாகப் புரட்டி, எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். உக்ரைன் தலைநகரின் பெயரைத் தாங்கிய இந்த உணவை 1979-இல் பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், குளிரூட்டிய தயார் உணவாக விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு அங்கே உணவகத்துக்குப் போகாதவர்களும் வீட்டிலேயே கீவ் சாப்பிட்டார்கள்.

கொழுப்பைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் ஒதுக்குவது வாணலியை. கணக்குப் போட்டால் குற்றவாளி வேறு! தோல் நீக்கிய நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 120 கலோரிதான். அதே எடை வெண்ணெயில் சுமார் 717. ஒரு கீவுக்குள் 40 கிராம் வெண்ணெய் வைத்தால் அது மட்டுமே 290 கலோரியைத் தொடும். பொரிக்கையில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறினாலும் 120தான். வெண்ணெயை அப்படியே வைத்துவிட்டு ‘அவன்’ (oven) அடுப்புக்கு மாறுவதில் பெரிய லாபம் இல்லை.

எனவே முதலில் மாற்ற வேண்டியது பூரணம். 10 கிராம் வெண்ணெய், கொழுப்பு குறைந்த க்ரீம் சீஸ், நசுக்கிய பூண்டு, வேகவைத்து ஒட்டப் பிழிந்த கீரை. பாலாடை நீக்கிய பாலில் செய்த பனீரை மசித்தும் சேர்க்கலாம். வெண்ணெய் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகி, சின்ன இடுக்கு கிடைத்தாலும் ஒழுகிவிடும். பனீரின் புரத வலையோ சூட்டிலும் உருகாது. பீறிடும் அழகு போய்விடும் என்பது உண்மை. அதை மறைப்பதில் பயனில்லை.

அடுத்தது மொறுமொறுப்பு. இங்கேதான் அவன் சறுக்குகிறது.

175 டிகிரி எண்ணெய் எல்லாப் பக்கமும் ஒட்டி நின்று வெப்பத்தைக் கொட்டுகிறது. மேற்பரப்பின் நீர் ஆவியாகிறது. காய்ந்த மேல்பூச்சு 140 டிகிரியைத் தாண்டியதும் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பொன்னிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார் விவரித்த வினை இது. அவனில் 200 டிகிரி வைத்தாலும், காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ரொட்டித்தூள் சிவக்கும்வரை காத்திருந்தால் உள்ளே கறி வறண்டுவிடும். 66 டிகிரியைத் தாண்டும்போது ஆக்டின் என்ற தசைப் புரதம் உருக்குலைய, இழைகள் இறுகிச் சாற்றை வெளியே தள்ளுகின்றன.

வழி எளிது. ரொட்டித்தூளை ஒரு தேக்கரண்டி எண்ணெயில், ஏறக்குறைய 40 கலோரி செலவில், பொன்னிறமாக வறுத்துவிட்டுப் பிறகு புரட்ட வேண்டும். நிறமும் மணமும் முன்கூட்டியே வந்துவிடுவதால் அவனுக்கு மிஞ்சுவது கறியை வேகவைக்கும் வேலைதான். தட்டில் நேரடியாக வைக்காமல் கம்பி வலைமேல் வைத்தால் நீராவி வெளியேறும்; அடிப்பக்கம் சொதசொதக்காது. (கடையில் அவனுக்கென்றே விற்கும் பொட்டலங்களில் பல, ஆலையிலேயே லேசாகப் பொரிக்கப்பட்டவை. லேபிளைப் பார்ப்பது நல்லது.)

தூள் ஏற்கெனவே சிவந்திருப்பதால் நிறத்தை வைத்து வேக்காட்டைக் கணிக்க முடியாது. சமையல் வெப்பமானியைக் கறியின் தடிமனான இடத்திலும், பூரணத்தின் நடுவிலும் குத்திப் பாருங்கள். இரண்டிலும் 74 டிகிரி காட்டிய பிறகே வெளியே எடுங்கள். சால்மோனெல்லா கிருமி அந்தச் சூட்டில் பிழைக்காது.