அளவு கொடுக்காத கம்பெனிகள்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் மொட்டைச் சேஸிஸ்களைப் பார்க்காமல் பயணம் முடியாது. கேபின் இல்லை, கதவு இல்லை. தற்காலிகமாக மாட்டிய இருக்கையில், முகத்தைச் சுற்றிய துண்டோடு ஒருவர் ஓட்டிக்கொண்டு வருவார். நாமக்கல் பட்டறையில்தான் அதற்கு பாடி ஏறும். எங்கே துளை போடலாம், எங்கே வெல்டிங் வைக்கக் கூடாது, பின்னால் எவ்வளவு நீட்டலாம் என்பதெல்லாம் கம்பெனி வரைபடத்தில் இருந்தால் வேலை மளமளவென்று ஓடும். வரைபடம் இல்லையென்றால் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதுதான்.

லினக்ஸ்காரர்கள் முப்பது வருஷமாக இப்படி அடியில் படுத்துத்தான் அளவெடுக்கிறார்கள்.

லேப்டாப்பில் இருக்கும் வைஃபை சிப்போ கிராபிக்ஸ் சிப்போ தானாக வேலை செய்யாது. அதை இயக்க டிரைவர் என்ற சிறு மென்பொருள் வேண்டும். விண்டோஸுக்கு அதைச் சிப் கம்பெனியே எழுதித் தந்துவிடும். யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய இயங்குதளமான லினக்ஸுக்குப் பல கம்பெனிகள் டிரைவரும் எழுதவில்லை, மற்றவர்கள் எழுதிக்கொள்ளச் சிப்பின் விவரங்களையும் தரவில்லை. ப்ராட்காம் வைஃபை சிப்புகளுக்கான பி43 டிரைவர், தன்னார்வலர்கள் கம்பெனியின் மூடிய டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து எழுதியது. ப்ராட்காம் தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது 2010 செப்டம்பரில்தான்.

பி43-க்கும் ரியல்டெக் வைஃபை டிரைவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களில் ஒருவர் லேரி ஃபிங்கர் என்ற அமெரிக்கர். அந்தக் கம்பெனிகளின் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இருந்ததில்லை. 2024 ஜூனில், 84 வயதில் இறந்துபோனார். விலை குறைந்த லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றி இணையத்துக்குப் போன எத்தனையோ பேர், அவர் பெயர் தெரியாமலே அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டு மாணவர்களும் அவர்களில் உண்டு. 2011 செப்டம்பர் 15-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கைமாறின. வாங்கியது அரசின் எல்காட் நிறுவனம். லெனோவோ, ஏசர், எச்சிஎல் போன்றவை விற்றன. ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும்: ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ். பாஸ் என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சென்னை சி-டாக் நிறுவனத்தில், டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவானது. தமிழில் மெனு வரும்.

அந்த இரண்டாவது வரியை அழுத்தியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை. ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து சர்வீஸ் கடைகளுக்கு அந்த லேப்டாப் வந்தால் முதலில் காலியாவது பாஸ் இருக்கும் பகுதிதான். "சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு கெடக்குதுங்க, எடுத்துட்டா படம் ஏத்திக்கலாம்" என்பார்கள். கடையில் புது லேப்டாப் வாங்கப் போனாலும் இதே கதைதான். "டாஸ் மாடல் எடுத்துக்கங்க தம்பி, வெலை கம்மி. ஓஎஸ் நாங்களே போட்டுக் குடுத்தர்றோம்." உபுண்டு லினக்ஸ் போட்டு வரும் மாடலுக்கும் கடைவாசலிலேயே அதே மரியாதை. விற்பனைக் கணக்கில் அது லினக்ஸ் லேப்டாப். வீட்டுக்குப் போவது திருட்டு விண்டோஸ்.

ஆகவே பெட்டியில் லினக்ஸ் இருக்கிறதா என்று கேட்பதில் அதிகப் பயனில்லை. கம்பெனி அளவு கொடுத்ததா, எழுதிய டிரைவரைப் பொதுவில் சேர்த்ததா, சேர்ப்பவர்களுக்குச் சம்பளம் தந்ததா என்று கேட்க வேண்டும். இந்த உரைகல்லில் தேய்த்தால் பல பெரிய பெயர்கள் மாற்றுக் குறைகின்றன. 2012-ல் ஃபின்லாந்தில் ஒரு கூட்டத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கிராபிக்ஸ் சிப் கம்பெனியான என்விடியாவை நோக்கி நடுவிரலைக் காட்டியது அந்தக் கடுப்பில்தான். லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் பகுதியை என்விடியா திறந்து வைக்கப் பத்தாண்டு பிடித்தது. 2022 மேயில் திறந்தார்கள். அதன் மேலே ஓடும் மென்பொருள் அப்போதும் மூடியே இருந்தது.

லினக்ஸையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிகளாவது ஒழுங்கா? ஜெர்மனியின் டக்சீடோ கம்ப்யூட்டர்ஸ் லினக்ஸ் லேப்டாப் விற்பதையே தொழிலாகக் கொண்டது. ஆனால் தன் விசைப்பலகை, மின்விசிறி டிரைவர்களுக்கு ஜிபிஎல் 3 உரிமம் வைத்திருந்தது. கெர்னலின் உரிமமோ ஜிபிஎல் 2. இரண்டுமே சுதந்திர உரிமங்கள்தான். ஆனாலும் ஜிபிஎல் 3 நிரலைக் கெர்னலுக்குள் சேர்க்க முடியாது. நிரல் எப்போது உள்ளே போவது என்ற பிடி தன் கையில் இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் எண்ணம். பார்வைக்கு வைத்த பண்டம், எடுத்துப் போக முடியாது! 2024 நவம்பரில் கெர்னல் ஆட்கள் அந்த டிரைவர்களுக்குக் கதவடைக்கக் கிளம்பிய சில நாட்களில், டக்சீடோ இறங்கிவந்து உரிமத்தை மாற்றத் தொடங்கியது.

அமெரிக்காவின் சிஸ்டம்76 பரவாயில்லை. லேப்டாப் கூடு பெரும்பாலும் தைவானின் கிளெவோவுடையது என்றாலும், 2019 முதல் பல மாடல்களுக்குத் திறந்த ஃபர்ம்வேர் தருகிறார்கள். பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ், காஸ்மிக் என்ற திரைமுகம் இரண்டையும் சம்பளம் கொடுத்து எழுதவைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். சேலத்துக் கடையில் அந்தப் பெட்டி கிடைக்காது. நிரல் மட்டும் கிடைக்கும்.

கம்பெனிகளின் நல்ல மனசைவிட வாங்குபவரின் பிடிவாதமே அதிகம் சாதித்திருக்கிறது என்றே தோன்றுகிறது. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் முழுக்க லினக்ஸுக்கு மாறிவிட்டன. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள், மிச்சமான உரிமச் செலவு 3,000 கோடி ரூபாய் என்று அம்மாநிலத்தின் கைட் நிறுவனம் 2019-ல் கணக்குச் சொன்னது. அங்கே இரண்டாவது வரி என்ற பேச்சே இல்லை. லினக்ஸில் வைஃபை எடுக்காத பெட்டியை அந்தப் பள்ளிகளுக்கு யார் போய் விற்பது?

50 லட்சம் பெட்டி வாங்கிய தமிழ்நாட்டின் கையில் அதைவிடப் பெரிய துருப்புச்சீட்டு இருந்தது. அந்தச் சீட்டை வைத்து நாம் கேட்டு வாங்கியது மெனுவில் ஒரு வரி. 2025 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்து, 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கிய டெல், ஏசர், எச்பி லேப்டாப்களிலும் விண்டோஸ் 11-க்குப் பக்கத்தில் பாஸ் இருக்கிறது.

பழைய பெட்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் கையை விரித்துவிட்டது. 2 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு விண்டோஸ் 11 பக்கம் போகவே முடியாது. கொஞ்சம் விவரம் தெரிந்த பையன்கள் அதில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றி, தங்கைக்குப் பாடம் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். மூடியில் அன்றைய முதல்வர் படம் பாதி உரிந்திருக்கும், பேட்டரி செத்துப்போய் எந்நேரமும் சார்ஜரில் கிடக்கும். வைஃபை மட்டும் உடனே எடுக்கிறது.