குழாய் வந்தால் போதுமா?



ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு ஓர் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக் கொடுக்கலாமா என்று அன்போடு கேட்பவர்கள் உண்டு. அதற்குப் பதில் சொல்லுமுன், மலையில் தண்ணீர் எப்படி வருகிறது, ஏன் நின்றுபோகிறது என்பதைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

வயிற்றுப்போக்கினால் துவண்டு வரும் குழந்தையை உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துப் பிழைக்க வைக்கலாம். ஆனால் வீடு திரும்பி அதே அசுத்த நீரைக் குடித்தால் நோய் மறுபடியும் வரும். ஆகவே குடிநீர் நிர்வாகம் மருத்துவப் பணிக்கு வெளியே உள்ள காரியமல்ல.

செய்யாறு பிறப்பது இம்மலையில்தான். ஆயினும் மழைநீர் சரிவில் ஓடிச் சமவெளிக்குப் போய்விடுகிறது. பாறை நிலத்தில் போடும் ஆழ்குழாய்கள் கோடையில் வற்றுவதுண்டு. ஒரே ஊராட்சியில் குக்கிராமங்கள் பல சிதறிக் கிடப்பதால், ஒரு மேல்நிலைத் தொட்டி எல்லாருக்கும் எட்டாது.

அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொறுப்புகளில் குடிநீரும் ஒன்றாயிற்று. ஆனால் பெரிய திட்டங்களை வகுத்துக் கட்டுவது 1971-ல் ஏற்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். கட்டிய பின் கிராமத்துக்குள் பராமரிப்பது ஊராட்சி. கட்டுகிறவர் ஒருவர், பழுது பார்ப்பவர் இன்னொருவர், குடிப்பவர் வேறொருவர். மோட்டார் எரிந்துபோனால் யாரைக் கேட்பது? திருவண்ணாமலை மாவட்டம் உட்பட, 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் தேர்தல் வரை ஊராட்சித் தலைவர்களே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வகித்த காலமும் இருந்தது.

இந்த இடைவெளியை உணர்ந்து, 2004-ல் வாரியத்தின் பொறியாளர்களே ஒரு மாற்றத்தைத் தொடங்கினார்கள். வீட்டுக் கூடத்தில் எல்லாரும் அமர்ந்து பேசுவதுபோல், பதவி வேறுபாடின்றிப் பேசும் கூட்டத்துக்குக் "கூடம்" என்றே பெயரிட்டார்கள். பிறகு 145 ஊராட்சிகளில் மக்களோடு உட்கார்ந்து திட்டமிட்டார்கள். புதிதாகத் தோண்டுமுன் இருப்பதைச் செப்பனிடுவது, நீராதாரத்தைக் காப்பது, கணக்கை மக்கள் முன் வைப்பது ஆகியவை அதன் சாரம்.

2019-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டமும் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அளவோடு, கிராமக் குடிநீர்க் குழுவையும் வேண்டுகிறது. அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நீரைச் சோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி உண்டு. மலைக் கிராமங்கள் உள்ளூர்க் குழாய் அமைப்புச் செலவில் 5 சதவீதத்தைப் பணமாகவோ உழைப்பாகவோ தரலாம். பங்கு கொடுத்தவர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டல்லவா?

ஆகவே, கிணறு போட்டுக் கொடுக்க நினைக்கும் நண்பர்கள் முதலில் மூன்று காரியங்களை விசாரிக்கும்படி வேண்டுகிறோம். குடிநீர்க் குழு பெயரளவிலன்றி உண்மையாகக் கூடுகிறதா? தொட்டியைக் கழுவிக் குளோரின் கலக்கும் ஆளுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா? பழுது பார்க்கப் பணம் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறதா? இவை இல்லாத ஊரில் கிணறு இரண்டொரு ஆண்டில் வெறும் இரும்புக் குழாயாக நின்றுவிடக்கூடும்.

தமிழ்நாட்டில் 2022 முதல், உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம் கிராம சபை கூடும் நாட்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. உங்கள் சொந்த ஊராட்சியிலும் அன்று போய் உட்காருங்கள். இதே கேள்விகளைக் கேளுங்கள். அதுவும் நோயாளிகளுக்குச் செய்யும் ஊழியமே.