புண் காலில்... ஆபத்து ரத்தத்தில்!

"வெறும் புண்ணுதானே டாக்டர், ஏதாவது தைலம் குடுங்க!"

மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்த அந்த அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். குதிகாலில் புண். நான் முதலில் முகத்தைப் பார்த்தேன். மூச்சு இரைத்தது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். நாடி நூல் போல மெலிந்து, வேகமாக ஓடியது. "காலையிலேர்ந்து ஒண்ணுக்கே போகலை" என்றார் மகன்.

"வந்த ஆட்டோவிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். மகனுக்குக் கோபம்!

அந்த அம்மாவுக்கு வந்திருந்தது 'செப்சிஸ்'. கிருமித் தொற்றை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பு, நிலை தடுமாறித் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை.

உள்ளே என்ன நடக்கிறது?

நம் ரத்தக் குழாய்களின் உட்சுவர் சுரக்கும் வாயு நைட்ரிக் ஆக்சைடு. குழாயைத் தளர்த்தி ரத்த ஓட்டத்தைச் சீராக்குவது அதன் வேலை. இதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

செப்சிஸில் இந்த வாயு அளவுக்கு மீறிச் சுரக்கிறது. குழாய்கள் அகன்று ரத்த அழுத்தம் சரிகிறது. வேறு பல ரசாயனங்களும் சேர்ந்துகொள்ள, உட்சுவர் செல்களின் இணைப்பு விட்டுப்போய், நீர் வெளியே கசிகிறது. அதனால்தான் உடம்பு வீங்கும். ரத்தக் குழாயிலோ நீர் போதாது. சிறுநீரகம், மூளை எல்லாம் ரத்தத்துக்குத் தவிக்கும்.

'அந்த வாயுவையே தடுத்துவிட்டால்?' என்று கேட்கலாம். தடுத்துப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான ஆய்வில், தடுப்பு மருந்து பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். பெறாதவர்களில் 49 சதவீதம். ரத்த அழுத்தத்தைத் தூக்கிய மருந்து, உயிரைக் காக்கவில்லை! அளவோடு சுரந்தால் அந்த வாயு உடம்புக்குத் தேவை. அமிர்தமும் விஷமும் அளவில்தான்.

ஆகவே இன்றும் கைகொடுப்பவை ஆன்டிபயாடிக், சலைன், அழுத்தத்தை உயர்த்தும் மருந்து, தொற்றின் மூலத்தை அகற்றுவது. இவற்றைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும்.

இந்த அறிகுறிகளை விடாதீர்கள்

* காய்ச்சல், நடுக்கம். அல்லது உடம்பு சில்லிடுதல்
* வேகமான மூச்சு, படபடப்பு
* மனக்குழப்பம், அதிக தூக்கம்
* சிறுநீர் குறைதல்
* தோல் வெளிறுதல், திட்டுத் திட்டாக நிறம் மாறுதல்

தொற்று உள்ளவரிடம் இவை தெரிந்தால் கஷாயம், பத்து என்று வீட்டில் பொழுதைப் போக்காதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். இருபது வருடங்களுக்கு முன், இதே போல வந்த ஒரு பெரியவரைக் கஷாயம் கொடுத்து, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினேன். மறுநாள் அவர் இறந்த செய்திதான் வந்தது.

அந்த அம்மா? இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தார். போன மாதம் மகனோடு வந்து, "அன்னிக்குத் தைலம் குடுக்காம விட்டீங்களே, நல்லாயிருப்பீங்க" என்றார்!