கப்பலேட்டில் முன்னோர்

கொழும்பில் ஹெவ்லொக் டவுனை அடுத்த தும்முல்லைச் சந்திக்கருகே இயங்கும், 1908 இல் தோன்றிய டச்சு பேர்கர் யூனியன் தன் சஞ்சிகையில் வெளியிட்ட பறங்கியர் வம்சாவளிகள் பல, இலங்கைக்கு முதலில் வந்த மூதாதையின் பிறந்த ஊர், அவர் ஏறிவந்த கப்பல், வந்த ஆண்டு ஆகிய விவரங்களுடன் தொடங்குகின்றன. இவ்விவரங்களைச் சரிபார்க்க உதவுவது, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்தோறும் பேணிய சம்பளப் பேரேடாகும். ஹேக் நகரின் தேசிய ஆவணக்காப்பகத்திலுள்ள 18ஆம் நூற்றாண்டுப் பேரேடுகளில் ஒவ்வொரு ஊழியருக்கும் தனிக்கணக்கு திறக்கப்பட்டு, பெயர், ஊர், பதவி, கடன் பிடித்தம் ஆகியவற்றோடு, அவர் ஊர் திரும்பினாரா, பணியிலேயே இறந்தாரா என்பதும் குறிக்கப்பட்டது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே குடும்பப் பெயர் பல வடிவங்களில் காணப்படுகிறது. ஆகவே பெயரைவிடக் கப்பலும் ஆண்டும் பொருந்துவதே நம்பத்தக்க சான்று.

சம்பளம் பெறாத பெண்களுக்கு இவ்வேட்டில் கணக்கில்லை. இத்தீவிலேயே மணமுடித்த பாட்டிமாரைத் தேடுவோர், கொட்டாஞ்சேனைப் பக்கத்து வுல்வெண்டால் தேவாலயம் போன்றவற்றின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகளையும், குடும்பங்களையும் காணிகளையும் பதிந்த தோம்புகளையும் நாடவேண்டியுள்ளது.

இத்தகைய கப்பல் பதிவு ஒல்லாந்தருக்கு மட்டும் உரியதல்ல: 1860 இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற ‘ட்ரூரோ’ கப்பலின் தமிழ்க் கூலிகளுக்கும் தந்தை பெயர், வயது, ஊர் குறித்த பட்டியல் உண்டு. மன்னார் வழியே இலங்கையின் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்கு நடந்த தமிழ்த் தொழிலாளர்களோ பெரும்பாலும் ஆள்திரட்டிய கங்காணியின் கடன்கணக்கில் மட்டுமே இடம்பெற்றனர். தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கக் கோரிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் முன் அவர்களின் சந்ததியினர் பலர் காட்டுவதற்குத் தாளின்றி நின்றதற்கு இப்பதிவின்மையும் ஒரு காரணம்.